மூடியைத் தொடாமல் இழுங்கள்

மூன்றாவது முறையாகத் தொண்ணூறு என் மேஜைக்கு வந்தது ஒரு வியாழக்கிழமை. தொண்ணூறு என்பது மரம் அறுக்கும் மிஷின். எங்கள் கம்பெனியில் இருக்கும் ஆறு மிஷின்களில் அதுதான் பெரியது. எஞ்சின் தொண்ணூறு சிசி என்பதால் அதுவே பெயராகிவிட்டது. மற்ற ஐந்தும் கிளை கழிப்பதற்கு. அடிமரத்துக்கு இது ஒன்றுதான். கூடவே வந்த அட்டையில் எழுதியிருந்தது: 'ஓடி நின்றபின் ஸ்டார்ட் ஆகவில்லை.' அதன் கீழே, வேறு பேனாவில்: 'அல்லது இழுக்கத் தெரியவில்லை.'

இரண்டாவது வரி சூப்பர்வைசருடையது. யாரைக் குத்துகிறார் என்று ரிப்பேர் ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும். தொண்ணூறை ஓட்டுவது என் அக்கா.

நான் அந்த ஷெட்டில் சேர்ந்து பதினான்கு மாதம். முதலில் செயினுக்குச் சாணை பிடிப்பது மட்டும்தான் வேலை. மாலை வகுப்பில் சிறிய எஞ்சின் ரிப்பேர் படிக்க ஆரம்பித்த பிறகு, மிஷின்களைப் பார்த்து அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போடும் வேலையும் வந்தது. என்ன செய்தாலும் எந்த வரிசையில் செய்தேன் என்று ஒரு நோட்டில் எழுதிவிடுவேன். எழுதாவிட்டால் செய்தேனா என்றே எனக்குச் சந்தேகம் வரும். வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று படி இறங்கி, திரும்ப ஏறிப் பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். ஷெட்டில் எனக்குப் பெயர் 'நோட்டு'.

அன்றும் வரிசைப்படிதான் பார்த்தேன். ஒன்று: பெட்ரோல் மூடியின் மேலிருந்த ஸ்டிக்கரை உரித்து, மூடியைத் திறந்து பார்த்தேன். டாங்க் நிறைய இருந்தது, தண்ணீர் கலக்கவில்லை. மூடினேன். இரண்டு: ஏர் ஃபில்டர் சுத்தம். மூன்று: பிளக்கைக் கழற்றினேன், நிறம் சரி, பொறி சரி. நான்கு: சைலன்சர் வலையில் கரி இல்லை. ஐந்து: மிஷினைத் தரையில் வைத்து, பின்கைப்பிடிக்குள் பூட்ஸ் நுனியை நுழைத்து மிதித்து, அழுத்தம் குறைக்கும் பொத்தானை அமுக்கி, சோக்கைப் போட்டு, கயிற்றை இழுத்தேன். இரண்டாவது இழுப்பில் உறுமியது. பத்து நிமிடம் ஓடவிட்டு, சூட்டோடு நிறுத்தி, மறுபடி இழுத்தேன். ஒரே இழுப்பு.

அட்டையில் எழுதினேன்: 'மிஷினில் குறை இல்லை.' கையெழுத்து. மூன்றாவது முறை.

அந்த ஸ்டிக்கரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஐந்து வாரத்துக்கு முன்னால், பெட்ரோல் குறைகிறது, யாரோ டாங்கிலிருந்து உறிஞ்சுகிறார்கள் என்று சூப்பர்வைசருக்குச் சந்தேகம் வந்தது. உள்ளங்கை அகல வெள்ளை ஸ்டிக்கர் ஒரு சுருள் வாங்கிவந்தார். பெட்ரோல் ஊற்றியதும் மூடியின் மேல் ஒட்டி, விளிம்புகளை மிஷின் உடம்போடு இழுத்துத் தேய்த்து, நேரம் போட்டு, தன் கையெழுத்தையும் கிறுக்கிவிடுவார். மூடியைத் திருகினால் கிழியும். ஷெட்டைத் தவிர வேறெங்கும் அதைப் பிரிக்கும் உரிமை அவருக்கு மட்டும்தான்.

சாயங்காலம் அவர் வந்து அட்டையை எடுத்துப் பார்த்தார். பின்னாலேயே புல்டோசர் வந்தான். தோள் அகலத்தால் வந்த பெயர். கதவுக்குள் நுழையும்போது லேசாகத் திரும்பித்தான் நுழைவான்.

"என்னம்மா நோட்டு, என்ன சொல்லுது உன் புத்தகம்?"

"ஒரு குறையும் தெரியல சார்."

"மூணு தடவையும் தெரியலையே. அப்ப குறை மிஷின்ல இல்ல, ஆள்கிட்டதானே இருக்கு?"

புல்டோசர் நடந்ததை நடித்தே காட்டினான். "உங்க அக்கா இழுக்கிறாங்க, இழுக்கிறாங்க, இருபது தடவை இழுத்திருப்பாங்க. மிஷின் அசையல. எல்லாரும் டீ குடிக்கப் போயிட்டோம். வந்து நான் பிடிச்சேன் பாரு, ஒரே இழுப்பு. ஸ்டார்ட் ஆகுதுன்னு காட்டிட்டு நிறுத்திட்டேன். மிஷினுக்கும் ஆள் பாக்கத் தெரியும் போல."

"டீ குடிச்சது நீயா மிஷினா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் பயம் வந்தது.

சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. "திங்கக்கிழமைலேர்ந்து தொண்ணூறு இவன்கிட்ட. உங்க அக்கா கிளை பொறுக்கட்டும். நான் சொல்லலம்மா, உன் கையெழுத்து சொல்லுது." மூன்று அட்டைகளையும் ஒன்றாகக் கிளிப்பில் மாட்டி, விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

அக்கா அந்த மிஷினுக்காக இரண்டு வருடம் சின்ன மிஷினில் கிளை கழித்தாள். பயிற்சிக்குப் போய்த் தேறி வந்தாள். பெண்பிள்ளைக்கு இது எதற்கு என்று கேட்டவர்கள் எல்லோரையும் வாயை மூடவைத்துத்தான் அதைக் கையில் வாங்கினாள். இப்போது அதைப் பிடுங்குவது என் கையெழுத்து.

நாங்கள் இரண்டு பேரும் மாடியில் ஒரே அறையில்தான் இருக்கிறோம். அன்று வகுப்பு இல்லை. அக்கா ஜன்னலோரம் சட்டையின் வலது கையை உருவிவிட்டு உட்கார்ந்திருந்தாள். தோள் வீங்கியிருந்தது. நான் தைலம் தேய்த்தேன். செய்தி எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா?"

"கேக்காதே. நீ என்ன கேக்கப் போறேன்னு உன் விரல் சொல்லுது. தைலம் தேய்க்கிற மாதிரியா இருக்கு? கை வலுவா இருக்கான்னு அமுக்கிப் பாக்குறே."

எனக்கு முகம் சுட்டது. அவள் சொன்னது உண்மை.

"இல்லக்கா, ஒருவேளை அசதியில..."

"காலைல முதல் இழுப்புல அதை ஸ்டார்ட் பண்ணது யாரு? நான். கொஞ்ச நேரம் அறுக்கறேன், நின்னுடுது. அதுக்குள்ள என் கை கழண்டு விழுந்துடுச்சா?" அவள் திரும்பி உட்கார்ந்தாள். "ஊர்ல எவன் வேணா சொல்லட்டும். கவலையில்ல. நீ எழுதிக் குடுத்திருக்கே பாரு, அதுதாண்டி குத்துது. மூணு தடவை எழுதினியே, ஒரு தடவை என்னைக் கேட்டியா?"

கேட்கவில்லை. ஃபில்டரைக் கேட்டேன், பிளக்கைக் கேட்டேன், சைலன்சரைக் கேட்டேன். பிடித்து ஓட்டியவளை விட்டுவிட்டேன். அக்காவாயிற்றே, அவள் பக்கம் சாய்ந்துவிட்டேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம். அதை நியாயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தைலக் கையைத் துடைத்துக்கொண்டு நோட்டை எடுத்தேன்.

"இப்ப கேக்கறேன். நிக்கறதுக்கு முன்னாடி என்ன பண்ணுச்சு?"

"ஐயோ, வந்துட்டாங்க டாக்டரம்மா."

"சொல்லுக்கா."

"கத்துச்சு. குரல் மேல போச்சு. நான் ஆக்சிலேட்டரைக் கூட்டவே இல்ல, அதுவா ஏறுச்சு. அப்புறம் பட்டுனு நின்னுது."

"எவ்வளவு நேரத்துல?"

"ரெண்டு துண்டு அறுக்கறதுக்குள்ள. மூணு நிமிஷம் இருக்கும்."

"இழுக்கும்போது பெட்ரோல் வாசனை வந்துச்சா?"

அவள் யோசித்தாள். "வரல. அவ்வளவு தடவை சோக் போட்டு இழுத்தா மூக்கைத் துளைக்கணுமே. வரவே இல்லடி."

எழுதிக்கொண்டேன். நிற்பதற்கு முன் குரல் ஏறினால் எஞ்சினுக்குப் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். வகுப்பில் முதல் மாதமே சொல்லிக்கொடுத்தது. வாசனை வராததும் அதையேதான் சொல்கிறது. ஆனால் டாங்க் நிறைய இருந்ததை என் கண்ணால் பார்த்தேனே. நிறைந்த டாங்கை வைத்துக்கொண்டு எஞ்சின் ஏன் பட்டினி கிடக்கிறது?

வெள்ளிக்கிழமை வகுப்புக்குச் சீக்கிரமே போய்விட்டேன். அறைக்கு இன்னும் யாரும் வரவில்லை. பாகம் பாகமாகப் பிரித்துப் போட்ட எஞ்சின்கள் மேஜைகளின் மேல் தூசி படிந்து கிடந்தன. உட்கார்ந்து நோட்டைப் பின்னாலிருந்து புரட்டினேன். கழற்றிய எதையும் தூக்கிப் போடாமல் வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு. அதனால் மிஷின்களிலிருந்து பிளேடால் பார்த்துப் பார்த்து உரித்த ஸ்டிக்கர்களைக்கூட அந்தந்தத் தேதிக்கு எதிரே ஒட்டி வைத்திருந்தேன். சின்ன மிஷின்களிலிருந்து வந்தவை பதினொன்று. தொண்ணூறிலிருந்து வந்தவை மூன்று. இதைப் பார்த்தால் யாராவது சிரிப்பார்கள் என்று நோட்டை யாருக்கும் காட்டியதில்லை.

பக்கத்தைத் திருப்பும்போது விரலில் ஏதோ தட்டுப்பட்டது. தொண்ணூறின் ஸ்டிக்கர் ஒன்றின் நடுவில் ஒரு சின்னக் குழி. கடுகு அளவுதான் இருக்கும். அடுத்ததைத் தடவினேன். அதிலும் அதே இடத்தில். மூன்றாவதிலும் இருந்தது. சின்ன மிஷின்களின் பதினொன்றையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தன.

யாரோ உள்ளேயிருந்து வாயை வைத்து உறிஞ்சியதுபோல இருந்தது அந்தக் குழி.

உறிஞ்சியதுதான். டாங்கிலிருந்து பெட்ரோல் வெளியே போகப்போக, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். வராவிட்டால் உள்ளே ஒரு இழுவிசை உண்டாகி, பெட்ரோலை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். சின்ன மிஷின்களில் காற்றுக்கான துளை கைப்பிடிக்குப் பக்கத்தில் தனியாக இருக்கிறது. தொண்ணூறில் அது மூடியின் நடுவிலேயே இருக்கிறது. அதன் மேல்தான் சூப்பர்வைசர் ஸ்டிக்கரைத் தேய்த்துத் தேய்த்து ஒட்டியிருக்கிறார். டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஸ்டிக்கரின் ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று கசிந்து உள்ளே போயிருக்கும். அப்போது யார் இழுத்தாலும் ஸ்டார்ட் ஆகும்.

அப்படியானால் ஷெட்டில்? ஷெட்டில் நான் முதல் வேலையாக என்ன செய்தேன்? ஸ்டிக்கரை உரித்தேன். மூடியைத் திறந்தேன். ஒவ்வொரு முறையும் நோயைத் தீர்த்துவிட்டு, நோயே இல்லை என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அன்று வகுப்பில் என்ன நடத்தினார்கள் என்பது நோட்டில் இல்லை.

சனிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஷெட்டில் ஆளில்லாதபோது, தொண்ணூறின் மூடிமேல் இரண்டு அடுக்கு டேப் ஒட்டிவிட்டு ஸ்டார்ட் செய்தேன். வெளியே கிடந்த கட்டையை அறுத்தேன். மூன்று நிமிடம் பத்து வினாடியில் குரல் ஏறியது, நின்றது. பன்னிரண்டு தடவை இழுத்தேன். ஒரு இருமல்கூட இல்லை. மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. ஒரே இழுப்பு, கர்ஜனை. ஒரு தடவை நடந்ததை நான் நம்பமாட்டேன். மூன்று தடவை செய்தேன். மூன்று தடவையும் அப்படியேதான்.

சூப்பர்வைசரிடம் தனியாகப் போய்ச் சொல்லிவிடலாமா என்று அக்காவிடம் கேட்டேன்.

"தனியா சொன்னா தனியாவே முடிச்சுடுவாரு. 'சரிம்மா, பாத்துக்கறேன்'னு சொல்லிட்டு அட்டையை அப்படியே வச்சிருப்பாரு. இருபது பேர் முன்னாடி என் கையைத்தானே குறை சொன்னாங்க?" அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "இருபது பேர் முன்னாடியே சொல்லு."

"எனக்குப் பேச வராதுக்கா."

"பேசாதே. எழுதி வச்சிருக்கேல்ல, படி."

திங்கட்கிழமை, காற்றில் சாய்ந்த ஒரு பெரிய மரத்தைத் துண்டு போடும் வேலை. தெரு முழுவதையும் அடைத்துக்கொண்டு கிடந்தது. இரண்டு பக்கமும் வண்டிகள் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. செயின் மாற்ற வேண்டியிருக்கும் என்று ஒரு சாக்குச் சொல்லி நானும் லாரியில் ஏறிக்கொண்டேன். சூப்பர்வைசர் தொண்ணூறில் பெட்ரோல் ஊற்றினார். மூடினார், ஸ்டிக்கரை ஒட்டினார், கட்டைவிரலால் நன்றாகத் தேய்த்தார். புல்டோசர் கையில் கொடுத்தார். அக்காவிடம் ஒரு கயிற்றுச் சுருளைக் காட்டினார், கிளை கட்டி இழுப்பதற்கு.

அக்கா கயிற்றை எடுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

புல்டோசர் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் செய்தான். ஆட்கள் விசிலடித்தார்கள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். முதல் துண்டு விழுந்தது. இரண்டாவது பாதியில் இருந்தபோது குரல் ஏறியது. அக்கா என்னைப் பார்த்தாள். மிஷின் நின்றது. மூன்று நிமிடம் இருபது வினாடி.

புல்டோசர் இழுத்தான். மறுபடி இழுத்தான். சோக்கைப் போட்டு இழுத்தான், எடுத்துவிட்டு இழுத்தான். சூப்பர்வைசர் மூடியின் மேல் கையை வைத்தார்.

"சார், மூடியைத் தொடாதீங்க," என்றேன்.

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அவர் திரும்பினார்.

"என்ன?"

"மூடியைத் தொடாம அவரை இழுக்கச் சொல்லுங்க. அவருக்குத்தான் மிஷின் மசியுமாமே. எத்தனை இழுப்புன்னு நான் எண்ணி எழுதிக்கறேன்." நோட்டைத் திறந்தேன். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு கோடு போட ஆரம்பித்தேன்.

ஆட்கள் சுற்றி வந்துவிட்டார்கள். புல்டோசருக்கு இனி விடவும் முடியாது. இருபத்தாறு வரை போனான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பின்னாலிருந்து யாரோ, "அண்ணே, டீ சொல்லட்டா?" என்றார்கள். சிரிப்பு வெடித்தது.

அக்கா வந்து மிஷினை வாங்கினாள். கீழே வைத்து, மிதித்து, ஐந்து தடவை இழுத்தாள். ஒன்றும் இல்லை. நிமிர்ந்து எல்லோரையும் பார்த்தாள்.

"எனக்கும் ஸ்டார்ட் ஆகல. அவருக்கும் ஆகல. இப்ப யாரு கையில குறை?"

நான் உட்கார்ந்து ஸ்டிக்கரைப் பிளேடால் உரித்து, நடுவிலிருந்த குழியைச் சூப்பர்வைசருக்குக் காட்டினேன். மூடியைத் திருகினேன். உஸ்ஸென்ற சத்தம் பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டது. மூடினேன். "இழுக்கா," என்றேன். ஒரே இழுப்பு. அக்கா இரண்டு வினாடி உறுமவிட்டு நிறுத்தினாள்.

"காத்துத் துளை இந்த மிஷின்ல மூடியிலதான் இருக்கு சார். நீங்க அதை அடைச்சு அடைச்சு அனுப்புறீங்க. நான் திறந்து திறந்து பாத்துட்டு நல்லா இருக்குன்னு எழுதியிருக்கேன்."

அவர் முகம் கறுத்தது. ஆனால் அவர் லேசுப்பட்டவர் இல்லை. "சரி, கண்டுபிடிச்சிட்டே, சந்தோஷம். இனிமே துளையை விட்டு ஒட்டறேன். ஆர்டர் போட்டது போட்டதுதான். மிஷின் அவன்கிட்டயே இருக்கட்டும். வேலையைப் பாருங்க, வண்டியெல்லாம் நிக்குது."

இந்த இடத்தில் நான் எப்போதும் 'சரி சார்' என்று சொல்லிவிடுவேன். வாய்வரைக்கும் வந்தது. அவர் கையிலிருந்த கிளிப்பில் என் மூன்று அட்டைகளும் தெரிந்தன.

"அதைக் குடுங்க சார்."

"எதுக்கு?"

"என் கையெழுத்து அது."

அவர் கொடுக்கவில்லை, நான் எடுத்துக்கொண்டேன். லாரியின் முன்பக்கத்தில் வைத்து மூன்றிலும் குறுக்கே கோடு போட்டு, கீழே எழுதினேன்: 'இந்த அறிக்கை தவறு. தவறு என்னுடையது. ஓட்டியவரிடம் குறை இல்லை. மூடித்துளை ஸ்டிக்கரால் அடைபட்டிருந்தது.' தேதி போட்டேன். மூன்று தடவை கையெழுத்துப் போட்டேன்.

"பழைய அட்டையில எழுதக் கூடாதும்மா! ஆபீஸ் ரெக்கார்டு அது!"

"என் கையெழுத்தை வச்சுத்தானே ஆர்டர் போட்டேன்னு சொன்னீங்க? அந்தக் கையெழுத்தைத் திரும்ப வாங்கிட்டேன். இப்ப ஆர்டர் எதுமேல நிக்குது சார்?"

"வேலையில இருக்கணுமா வேண்டாமா உனக்கு?"

"இருக்கணும் சார். அதனாலதான் சரியா எழுதறேன்."

மூன்று அட்டைகளையும் கிளிப்பில் மாட்டி அவரிடமே திருப்பி நீட்டினேன்.

புல்டோசர் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கயிற்றுப் பிடி பட்டு ஒரு கொப்புளம் எழும்பியிருந்தது. "எனக்கு அந்தச் சனியன் வேணாம் சார்," என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு, சின்ன மிஷினை எடுத்துக்கொண்டு கிளைகள் பக்கம் போனான். அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அக்கா அதற்குள் மரத்தின் அருகே போய்விட்டாள். சூப்பர்வைசர் கையை உயர்த்தி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். தொண்ணூறு உறுமியது. அவர் வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது.

புல்டோசர் பாதியில் விட்ட இரண்டாவது துண்டை முதலில் முடித்தாள். மூன்றாவது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான்கு நிமிடம். ஏழு. பத்து. மரத்தூள் அவள் பூட்ஸை மூடிக்கொண்டு போனது. வீங்கிய தோள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கு அது வெறும் தோள். ஏழாவது துண்டு உருண்டதும் தெருவில் ஒரு வண்டி போகும் அளவுக்கு வழி பிறந்தது. பத்தொன்பதாவது நிமிடத்தில், அவளாகவே சுவிட்சைத் தட்டி நிறுத்தினாள்.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்து சூப்பர்வைசர் காலடியில் வைத்தாள்.

"பெட்ரோல் போடணும் சார். இன்னும் ரெண்டு துண்டு இருக்கு. ஒட்டறீங்களா?"

அவர் ஸ்டிக்கர் சுருளைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். நின்றுகொண்டிருந்த இருபது பேரையும் பார்த்தார். பிறகு சுருளைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, பெட்ரோல் கேனை எடுத்து ஊற்றினார், மூடினார், மிஷினை அக்கா பக்கம் நகர்த்தினார்.